அறுபது பேருக்குத் தேசிக்காய்த் தண்ணி: எந்தப் பழத்தைக் கலக்கலாம்?

ஆவணியில் அம்மாவுக்கு எழுபது வயது. லண்டனில் இருந்து அண்ணன் குடும்பம் வருகிறது, கனடாவில் இருந்து சித்தி வருகிறார், வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து வேன் பிடித்து வருகிறவர்களையும் அயலையும் சேர்த்தால் முள்ளியவளையில் எங்கள் முற்றத்தில் அறுபது பேர் நிற்பார்கள். சாப்பாட்டில் சண்டை இல்லை, சமையலுக்கு ஆள் பேசியாயிற்று. குடிக்க என்ன கொடுப்பது என்பதில்தான் வீடு நாலாகப் பிரிந்து நிற்கிறது. அக்கா மாம்பழம் கலக்கச் சொல்கிறாள், அவள் வளவில் மரம் நிற்கிறது. மச்சானுக்கு வத்தகப்பழம், அவருக்குத் தெரிந்த தோட்டக்காரர் ஒருவர் இருக்கிறார். அண்ணி லண்டனில் இருந்தபடியே வட்ஸ்அப்பில் கொடித்தோடை (பாஷன் புரூட்) என்கிறார். அம்மாவோ, "சும்மா தேசிக்காய்த் தண்ணி காணும், ஏன் உந்தக் கூத்து" என்று ஒரே வரியில் முடித்துவிட்டா.

கலக்கப் போவது நான். கடந்த சில வருடங்களில் இந்தப் பழங்கள் எல்லாவற்றையும் ஏதோவொரு வீட்டு நிகழ்வில் தேசிக்காயோடு கலக்கிப் பார்த்திருக்கிறேன். சிலதுக்கு நல்ல பெயர் வந்தது, சிலதை வாளியோடு கொண்டுபோய் வாழை அடியில் ஊற்றியிருக்கிறேன். அதனால் எனக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது, அதைத்தான் எழுதுகிறேன். ஆறு பேர் வரும் வீட்டுக்கும் அறுபது பேர் வரும் வீட்டுக்கும் ஒரே பழம் சரிவராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணனின் பிள்ளைகள் இதை லெமனேட் என்பார்கள். இங்கே கடையில் லெமனேட் என்று கேட்டால் போத்திலில் அடைத்த சோடாவைத்தான் எடுத்து நீட்டுவார்கள், அது வேறு கதை. வெளிநாட்டில் லெமனேட் போடுவது தடித்த தோல் கொண்ட மஞ்சள் லெமனில். நமது தேசிக்காய் சின்னது, தோல் மெல்லியது, மணம் கூட. ஆகவே யூடியூப்பில் பார்த்து ஆறு லெமன் என்று சொன்ன இடத்தில் ஆறு தேசிக்காயைப் பிழிந்துவிட்டு "என்ன சப்பென்று இருக்கிறதே" என்று யோசிக்க வேண்டாம். ஒரு லெமனில் 40, 50 மில்லிலீற்றர் சாறு வரும். நம் தேசிக்காயில் 15 வந்தால் பெரிய விஷயம். ஒன்றுக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அளவு. ஆளுக்கு இரண்டு கிளாஸ், கிளாஸ் 200 மில்லி என்றால் 120 கிளாஸ், மொத்தம் 24 லீற்றர். வெறும் தேசிக்காய்த் தண்ணி என்றால் அதற்கு இரண்டு லீற்றர் சாறு தேவை. அதாவது 130 தேசிக்காய், கிட்டத்தட்ட ஐந்து கிலோ. சீனி 2.4 கிலோ. அம்மா 'சும்மா தேசிக்காய்த் தண்ணி' என்று சொன்ன அந்தச் சும்மாவுக்குள் 130 தேசிக்காய் இருக்கிறது! எங்கள் வளவில் மீளக் குடியேறிய பிறகு நட்ட தேசி ஒன்று நிற்கிறது, நன்றாகக் காய்க்கும், ஆனாலும் ஒரே கிழமையில் 130 தராது. மிச்சம் சந்தையில்தான். தேசிக்காய் விலை எப்படி ஆடும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை, ஒரு மாதம் வேலியோரம் விழுந்து அழுகும், இன்னொரு மாதம் எண்ணி எண்ணி வாங்க வேண்டியிருக்கும். பழம் கலப்பதில் எனக்குப் பிடித்த முதல் காரணம் இதுதான். புளிப்புள்ள பழம் ஒன்றைச் சேர்த்தால் தேசிக்காயின் எண்ணிக்கை பாதியாகிறது. அண்ணியும் அக்காவும் ருசி, நிறம் என்று பேசுகிறார்கள், நான் எத்தனை காய் பிழிய வேண்டும் என்று பார்க்கிறேன்.

இரண்டாவது காரணம் வெக்கை. ஆவணியில் வன்னியில் சோளகம் அடித்துக்கொண்டே இருக்கும், ஆனால் அந்தக் காற்றில் ஈரம் கிடையாது, புழுதிதான். பதினொரு மணிக்கு வரத் தொடங்குகிற ஆட்கள் இரண்டு மணி வரைக்கும் வந்துகொண்டிருப்பார்கள். காலை பத்தரைக்குக் கலக்கிய தண்ணி இரண்டு மணிக்கும் அதே ருசியில் நிற்க வேண்டும். கலக்கின உடனே ஒரு கிளாஸ் குடித்துப் பார்த்து "ஆகா" என்று சொல்வதில் ஒன்றுமில்லை, எந்தப் பழமும் அப்போது நன்றாகத்தான் இருக்கும். மூன்று மணித்தியாலம் கழித்துக் கிடாரத்தின் அடியில் கிடப்பதைக் குடித்துப் பார்க்க வேண்டும்.

அந்தச் சோதனையில் வெறும் தேசிக்காய் நன்றாகவே தேறும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வைகாசி வெயிலில் நடந்து போகிறவர்களுக்கு வழிநெடுகத் தாகசாந்தியில் கொடுப்பது மோரும் சர்க்கரைத் தண்ணியும் தேசிக்காய்த் தண்ணியும்தானே. அடியில் படியாது, பிரியாது, புளிப்புக் கூட என்பதால் இலகுவில் பழுதாகாது. ஒரே பயம் கைப்பு. தோலோடு சேர்த்துக் கசக்கிப் பிழிந்தாலோ, கொட்டை நசிந்தாலோ, பிழிந்த கோதுகளை மணத்துக்கு என்று தண்ணிக்குள்ளேயே போட்டு வைத்தாலோ, பத்தரைக்கு இல்லாத கைப்பு பன்னிரண்டுக்கு வந்து நிற்கும். மணம் வேண்டுமானால் பத்துத் தேசிக்காயின் பச்சைத் தோலை மட்டும் மெல்லிசாகச் சீவி, சீனியோடு கையால் பிசைந்து ஒரு மணித்தியாலம் மூடி வைத்துவிட்டு, பாகு காய்ச்சும்போது வடித்து எடுங்கள். அந்த மணம் கடைசிக் கிளாஸ் வரைக்கும் நிற்கும். ஒரு சிட்டிகை உப்பும் கைப்பைக் கொஞ்சம் அமுக்கும்.

இன்னொன்று, பிழிகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்து வெயிலில் இருத்தாதீர்கள். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் நல்ல வெயில் பட்டால் கன்றி எரியும், சில நாளில் கறுத்த அடையாளம் விழும், அது போக வாரக்கணக்காகும். என் மருமகள் ஒருத்தி கையில் கறுப்புத் தீற்றலோடு பள்ளிக்கூடம் போய், வீட்டில் அடித்தார்களா என்று ஆசிரியை கேட்கும் அளவுக்கு வந்தது.

சரி, மாம்பழம். அக்காவின் மரம் கறுத்தக்கொழும்பான். அதைவிட ருசியான பழம் எது என்று என்னிடம் கேட்டால் நான் பதில் சொல்லமாட்டேன். ஆனால் அதைத் தேசிக்காய்த் தண்ணியில் போடக்கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, ஏனென்றால் அக்காவின் மகளின் சாமத்திய வீட்டுக்கு நான்தான் போட்டேன். ஆனி மாதம், பழம் கொட்டிக் கிடந்தது. முப்பது பழத்தைக் கரைத்து, வடித்து, தேசிக்காய்ச் சாறும் சீனிப்பாகும் சேர்த்துக் கலக்கினேன். முதல் அரை மணித்தியாலம் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். அதற்குப் பிறகு சதை எல்லாம் அடிக்கு இறங்கி, மேலே மங்கிய மஞ்சள் தண்ணி, கீழே கூழ். கலக்கிக் கலக்கி ஊற்றினாலும் கிளாசுக்குள்ளேயே மறுபடி இறங்கியது. பெரியம்மா ஒருவர் கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, இது தண்ணியோ கஞ்சியோ?" என்று கேட்டார். ஈ, எறும்பு, தேனீ மூன்றும் சொல்லி வைத்ததுபோல் வந்து சேர்ந்தன. இரண்டு மணிக்கு மூடியைத் திறந்தபோது லேசாகப் புளித்த மணம் அடித்தது. நல்ல இனிப்புள்ள சதை, வெக்கை, திறந்து திறந்து மூடுகிற பாத்திரம், பிறகு என்ன நடக்கும்!

மாம்பழம் தன்னளவில் ஒரு சாப்பாடு. அதைத் தடிப்பாகக் கரைத்து ஆளுக்குச் சின்னக் கிளாஸ் கொடுத்தால் அழகு, தாகத்துக்குக் கொடுக்க முடியாது. விளாட்டு மாம்பழம் என்றால் நார் வேறு, வடித்தே கை ஓய்ந்துவிடும். மாம்பழ ருசிதான் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் முற்றின மாங்காயை அவித்துச் சதையைப் பிசைந்து, சீனியும் உப்பும் போட்டு, நன்றாகத் தண்ணி விட்டு வடித்துப் பாருங்கள். புளிப்பு அதிலேயே இருப்பதால் தேசிக்காய் தேவையே இல்லை. ஆனால் அது ஆவணிக் கதை இல்லை, அந்த நேரம் மரத்தில் கடைசிப் பழங்கள்தான் தொங்கும்.

வத்தகப்பழம் எனக்குக் கொஞ்சம் மனம் இழுக்கிற தெரிவு. இந்தப் பக்கத்து மண்ணுக்கு அது ஒத்துப்போகிறது, கோடையில் நீர் இறைத்துச் செய்கிறார்கள், ஏ9 வீதியிலும் பரந்தன் முல்லைத்தீவு வீதியிலும் ஓலைக் கொட்டில் போட்டுக் குவித்து விற்பார்கள். மலிவு, நிறம் பிடிக்கும், பிள்ளைகளைக் கூப்பிடத் தேவையில்லை, தாங்களே வந்து நிற்பார்கள். அஞ்சு கிலோப் பழம் ஒன்றில் மூன்று லீற்றர் சாறு எடுக்கலாம்.

எல்லோரும் இதில் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள், நானும் விட்டேன். தேசிக்காய்த் தண்ணியைத் தனியாகக் கலக்கி வைத்துவிட்டு அதற்குள் வத்தகச் சாற்றை ஊற்றுவது. அந்தப் பழத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணிதான், அதற்கு மேலும் தண்ணி விட்டால் என்ன மிஞ்சும்? நிறம் மிஞ்சும். வத்தகப்பழத்தையே தண்ணியாக நினைக்க வேண்டும். வேறு தண்ணி ஒரு சொட்டும் விடாமல், சாறு ஒரு லீற்றருக்கு நாலு தேசிக்காய், சீனி இரண்டு மேசைக்கரண்டி அல்லது பழத்தின் இனிப்பைப் பார்த்து அதுவும் இல்லாமல், உப்பு ஒரு சிட்டிகை. கொட்டையை எடுத்துவிட்டு அரையுங்கள், எடுக்கப் பஞ்சி என்றால் பிளெண்டரை ஓடவிடாமல் கையால் மசித்து வடியில் தேயுங்கள், கொட்டை அரைபட்டால் ருசி கெடும். இப்படிச் செய்தால் அது தனி ருசி, இதைவிடக் குளிர்ச்சியான ஒன்று கிடையாது.

ஆனால் நிற்காது. ஒரு மணித்தியாலத்தில் சிவப்பு ஒரு பக்கம், தண்ணி ஒரு பக்கம் என்று பிரியும். இரண்டாவது மணித்தியாலத்தில் பச்சை வெள்ளரிக்காய் மணம் ஒன்று எட்டிப் பார்க்கும். அதற்குள் ஐஸ்கட்டியும் கரைந்து சேர்ந்துவிட்டால் முடிந்தது. அண்ணனும் மச்சானும் மாறிமாறிக் கலக்கிக்கொண்டு நிற்பார்களா? மாட்டார்கள், இருவரும் படலையடியில் கதைத்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் 24 லீற்றருக்கு வத்தகப்பழம் சரிவராது. பிள்ளைகளுக்கு என்று ஆறு லீற்றர், அதுவும் இரண்டு தரமாக அப்போதைக்கப்போது அடித்துக் கொடுப்பது என்றால் இதுதான் முதல் தெரிவு.

அன்னாசியைப் பற்றி நல்லதும் கெட்டதும் சம அளவில் சொல்லலாம். கெட்டதை முதலில் சொல்கிறேன். அது இங்கே விளைகிற பொருள் இல்லை, கம்பஹா, குருநாகல் பக்கத்தில் இருந்து லொறியில் வருகிறது, வெயிலில் நாலு நாள் பட்டுத்தான் எங்கள் சந்தைக்கு வந்து சேரும், ஆகவே பத்துப் பழத்தில் இரண்டு அடி கனிந்து போயிருக்கும். பச்சையாகப் பிளெண்டரில் அடித்தால் நுரை பொங்கும், அந்த நுரை மேலே மிதந்து, குடிக்கிறவர் எல்லோருக்கும் வெள்ளை மீசை வைக்கும். நாக்கைக் கடிக்கிற குணமும் உண்டு. கரப்பந்துப் போட்டி ஒன்றுக்குப் பச்சை அன்னாசியில் போட்டுக் கொடுத்தோம், பெடியள் ஆளுக்கு நாலைந்து கிளாஸ் குடித்துவிட்டு நாக்கு எரியுது என்று தண்ணிக் குடத்தைத் தேடி ஓடினார்கள்.

இந்த இரண்டுக்கும் ஒரே மருந்து சூடு. துண்டுகளைச் சீனியோடும் கொஞ்சத் தண்ணியோடும் பத்து நிமிடம் கொதிக்க விட்டு, ஆறவிட்டு வடித்தால் நுரையும் இல்லை, கடியும் இல்லை. நன்றாகத் தேய்த்துக் கழுவிய தோலையும் ஒரு துண்டுக் கறுவாவோடு அதற்குள்ளேயே போட்டுக் கொதிக்க வைக்கலாம், பாதி மணம் தோலில்தான் இருக்கிறது, எறிவது பாவம். இந்தப் பாகை முதல் நாளே செய்து குளிர்பெட்டியில் வைத்துவிடலாம் என்பது பெரிய ஆறுதல். காலையில் செய்ய வேண்டியது பாகு, தேசிக்காய்ச் சாறு, தண்ணி மூன்றையும் சேர்ப்பது மட்டும்தான். மூன்று மணித்தியாலச் சோதனையிலும் அன்னாசி பிடித்து நிற்கிறது. தேசிக்காயைப் பெரிதாகக் குறைக்க முடியாது என்பதுதான் குறை, அன்னாசியில் இனிப்புத்தான் தூக்கலாக இருக்கும், புளிப்புக்கு அதை நம்ப முடியாது. லீற்றருக்கு நாலு தேசிக்காய் வேண்டும்.

கொடித்தோடைக்கு வருவோம். பாஷன் புரூட் என்று எழுதி விற்கிறார்களே, அதுதான். முன்பெல்லாம் வேலிகளில் சும்மா படர்ந்து கிடக்கும், பெரிதாக யாரும் மதிக்கமாட்டார்கள், இப்போது கடைகளில் ஒரு கிளாஸ் என்ன விலை என்று பார்த்தால் வேலியை அன்போடு தடவிக் கொடுக்கத் தோன்றுகிறது. எங்கள் கிணற்றடி வேலியில் மஞ்சள் இனம் ஒன்று படர்ந்திருக்கிறது, இந்தத் தாழ்ந்த வெப்பமான நிலத்துக்கு அதுதான் தாங்கும். பழத்தைப் பறிக்கக்கூடாது, தானாக விழவிட்டுப் பொறுக்க வேண்டும், பொறுக்கியதையும் இரண்டு மூன்று நாள் வைத்துத் தோல் சுருங்கின பிறகு வெட்டினால் புளிப்பு இறங்கி மணம் ஏறியிருக்கும். பளபளப்பாக இருக்கிறது என்று கடையில் தேடி எடுக்கிறவர்கள் புளிப்பை மட்டுமே வாங்கிப் போகிறார்கள்.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், புளிப்பு அதிலேயே இருக்கிறது. கொடித்தோடை சேர்த்தால் லீற்றருக்கு மூன்று தேசிக்காய்கூடத் தேவைப்படாது. மணம் பலமானது, கொஞ்சம் போட்டாலே முழுக் கிடாரமும் மணக்கும், ஐஸ் கரைந்து தண்ணி கூடினாலும் அந்த மணம் போகாது. சதை கிடையாது, சாறுதான், ஆகவே அடியில் கூழ் படியாது, மெல்லிய மண்டி படிந்தாலும் ஒரு தரம் அகப்பையை விட்டுச் சுற்றினால் சரியாகும். என் கணக்கு இது: 18 லீற்றருக்கு 50 பழம், 50 தேசிக்காய், இரண்டு கிலோ சீனி. சீனி கொஞ்சம் கூடத்தான் இழுக்கும், அதை மறைக்க முடியாது. ஆனால் வெறும் தேசிக்காய் என்றால் அந்த 18 லீற்றருக்கு 98 காய் பிழிய வேண்டும்.

கொட்டையை வடிப்பதா விடுவதா என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் முடிவு இல்லை. அம்மாவுக்கு வடித்தே ஆக வேண்டும், பல்லுக்குள் போகிறதாம். பிள்ளைகளுக்கோ கறுத்தக் கொட்டை மிதந்தால்தான் அது கொடித்தோடை. நான் முழுவதையும் வடித்துவிட்டு ஒரு பேணிக் கொட்டையைத் தனியே எடுத்து வைப்பேன், கேட்கிறவர்களுக்கு ஒரு கரண்டி. பிளெண்டரில் மட்டும் அடிக்காதீர்கள், கொட்டை உடைந்து தண்ணி முழுக்கக் கறுத்த மணல் போட்ட மாதிரி ஆகிவிடும். உள்ளே இருப்பதைச் சுரண்டி வடியில் போட்டுச் சிறிது வெந்நீர் விட்டுக் கரண்டியால் தேய்த்தால் போதும், சாறு தானாகப் பிரிந்து இறங்கும்.

மிச்சப் பழங்களை ஓடிப் பார்த்துவிடலாம். பப்பாப்பழம் தேசிக்காயோடு தட்டில் வைத்துச் சாப்பிட நல்லது, கிளாசுக்குள் போனால் ஒரு மந்த மணம், யாரும் இரண்டாவது கேட்கமாட்டார்கள். கொய்யா தடிக்கும், நறுநறுவென்று இருக்கும். மாதுளை நிறத்துக்கு ராணி, ஆனால் அறுபது பேருக்கு முத்து உதிர்ப்பது யார்? நெல்லி ஏற்கெனவே துவர்ப்பும் புளிப்பும், அதற்கு மேல் தேசிக்காய் எதற்கு, நெல்லி ரசம் போத்திலில் வாங்கித் தண்ணி விட்டால் முடிந்தது. நாவல்பழம் அழகான ஊதா நிறம் தரும், வெள்ளை வேட்டிக்கும் தரும். பாலைப்பழத்தைப் பற்றி ஒரு அனுபவம் சொல்லியே ஆக வேண்டும். வன்னிக் காட்டுப் பழம், வந்தவர்களுக்கு நம் மண்ணின் ருசியைக் காட்டலாம் என்று ஒருமுறை ஆசைப்பட்டு இரண்டு கிலோவைப் பிளெண்டரில் போட்டேன். தின்னும்போது உதட்டில் ஒட்டுகிற அந்தப் பால் இருக்கிறதே, அது பிளெண்டர் முழுக்க, பிளேட்டில், வடியில், என் கையில் எல்லாம் பிசின் மாதிரிப் பிடித்துக்கொண்டது, தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துத்தான் எடுத்தேன். பாலைப்பழத்தைக் கடதாசிச் சுருளில் வாங்கி, மர நிழலில் நின்று தின்னுங்கள், அவ்வளவுதான்.

விளாம்பழத்தைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் கூட்டத்தில் பாதிப்பேர் அதற்கு உயிரை விடுவார்கள், மற்றப் பாதி மூக்கைப் பொத்துவார்கள். சதையைக் கையால் பிசைந்து, பனங்கட்டி கரைத்து ஊற்றி, வடித்து, கடைசியில் நாலைந்து தேசிக்காய் பிழிந்தால் பழைய ஆட்களின் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். அண்ணனின் மகன் போனமுறை மணந்து பார்த்துவிட்டு இது பழுதாகிவிட்டது என்று ஆங்கிலத்தில் அறிவித்தான். பொதுப் பானமாக வைக்க முடியாது. ஆனால் சின்னப் பானை ஒன்றில் ஒரு ஓரமாக வைத்தால் அதைத் தேடிப் போகிறவர்கள் போவார்கள். பனங்கட்டியின் மண்ணிறமும் கருகல் வாசமும் விளாம்பழத்துக்கும் புளிக்கும்தான் பொருந்தும், கொடித்தோடையிலோ வத்தகப்பழத்திலோ போட்டால் இரண்டும் கெடும், அவற்றுக்குச் சீனியே போதும். காட்டுத் தேன் போடலாமே என்று ஒரு சித்தப்பா சொன்னார். இரண்டு கிலோ சீனிக்குப் பதில் தேனா? நல்ல தேன் போத்தில் ஒன்றின் விலை தெரியாதவர் கதை அது.

எந்தப் பழம் என்றாலும் சீனியைக் குளிர்ந்த தண்ணியில் கொட்டிக் கலக்கிக்கொண்டு நிற்காதீர்கள், பாதி அடியில்தான் கிடக்கும், கடைசியாக வருகிறவருக்குப் பாணி கிடைக்கும். இரண்டு கிலோ சீனிக்கு ஒரு லீற்றர் வெந்நீர், முதல் நாளே கரைத்து ஆறவிடுங்கள். பாத்திரம் எவர்சில்வரோ உணவுக்கு என்று வாங்கிய பிளாஸ்டிக் வாளியோ இருக்கட்டும், அலுமினியச் சருவச்சட்டியில் புளிப்பை ஊறவிடக்கூடாது, பெயின்ட் வந்த வாளி எவ்வளவு கழுவினாலும் வேண்டாம்.

தண்ணியும் ருசியை மாற்றும், இதை நான் பிந்தித்தான் கவனித்தேன். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணி கல்லுத்தண்ணி, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புத்தன்மை தேசிக்காயின் புளிப்பிலும் ஒரு பங்கைத் தின்றுவிடும். கிணற்றுத் தண்ணியில் ஒரு கிளாசும் வடிகட்டிய தண்ணியில் ஒரு கிளாசும் ஒரே அளவில் கலக்கி வைத்துக் குடித்துப் பாருங்கள், தெரியும். சிறுநீரக நோய்ப் பயத்தால் வவுனியாப் பக்கம் ஊர்களில் வடிகட்டிய தண்ணி வாங்குவது பழகிப்போன விஷயம், 20 லீற்றர்க் கேன் ஒன்று வாங்கிவிட்டால் இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது.

ஐஸைப் பற்றி ஒரு கண்டிப்பு. முல்லைத்தீவுக் கரை பக்கத்தில் இருப்பதால் மீனுக்குப் போடுகிற ஐஸ்கட்டி மலிவாகக் கிடைக்கும், அதை உடைத்துக் கிடாரத்துக்குள் போடுகிறவர்களைக் கண்ணால் கண்டிருக்கிறேன். மீன் ஐஸ் மீனுக்கு. வேண்டுமானால் கிடாரத்தை ஒரு பெரிய தொட்டிக்குள் இறக்கி, அந்த ஐஸை வெளியே சுற்றிப் போடுங்கள், உள்ளே ஒரு துண்டும் விழாமல். இன்னும் நல்ல வழி, தண்ணியை முதல் நாள் இரவே மண்பானைகளில் ஊற்றி, ஈரச் சாக்குச் சுற்றி, காற்றுப் படுகிற திண்ணையில் வைப்பது. சோளகத்தில் ஈரம் இல்லாததால் சாக்கு காயக் காயப் பானை குளிரும், மழைக்காலத்தில் இந்த வித்தை எடுபடாது. ஆனால் பானைக்குள் வெறும் தண்ணி மட்டும்தான். பழச்சாற்றை ஊற்றினால் மண் அதைக் குடித்துவிட்டு அடுத்த வருடம் வரைக்கும் மணந்துகொண்டே இருக்கும். சாறும் பாகும் கலந்த கட்டிக் கலவையைக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு, ஆட்கள் வர வர நாலு நாலு லீற்றராகப் பானைத் தண்ணியில் கலப்பதுதான் நான் இப்போது செய்வது. ஒரேயடியாக 24 லீற்றரைக் கலக்கி வைத்து வீரம் காட்டுவதை விட்டுவிட்டேன்.

ஆக, ஆவணிக்கு என் முடிவு: பெரியது கொடித்தோடை, 18 லீற்றர். பிள்ளைகளுக்கு வத்தகப்பழம், ஆறு லீற்றர், மச்சானின் தோட்டக்காரரிடம் அஞ்சு கிலோவில் இரண்டு பழம் சொல்லியாயிற்று, அடிக்கிற பொறுப்பும் மச்சானுக்கே. விளாம்பழம் கிடைத்தால் ஒரு சின்னப் பானை. அம்மா கேட்டபடி வெறும் தேசிக்காய்த் தண்ணியும் ஒரு குடம் இருக்கும், அது சீனி போடாமல் உப்பு மட்டும் போட்டது, ஏனென்றால் வருகிற பெரியவர்களில் பாதிப்பேருக்குச் சீனி வருத்தம், அவர்களை ஒரு ஓரத்தில் வெறும் தண்ணிக் கிளாசோடு இருத்துவது எனக்குப் பிடிக்காது.

வேலியில் இன்றைக்குக் காலையில் எண்ணிப் பார்த்தேன், கொடித்தோடைக் காய் எழுபது வரை தெரிகிறது. அணிலுக்கு ஒரு பங்கு போகும். ஐம்பது விழாவிட்டால் குறைகிற அளவுக்கு இரண்டு அன்னாசியைக் காய்ச்சிச் சேர்ப்பேன், அந்த இரண்டும் சேர்ந்தாலும் பொருந்தும். அக்காவிடம் உன் மாம்பழத்தைத் துண்டு போட்டுத் தட்டில் வைக்கிறோம், அதுதான் அந்தப் பழத்துக்கு மரியாதை என்று சொல்லிப் பார்த்தேன். இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.